விலகல்

பக்கத்து இருக்கையில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. பழுப்புநிறத் துணிப்பை, வாயில் சுருக்குக் கயிறு, உள்ளே குடையோ சோற்றுப் பெட்டியோ ஏதோ ஒன்று விலாவில் முட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்து இரண்டாம் மாடிக் கைப்பிடிக்கு அப்பால் வீசிவிட்டால் என்ன என்று பொற்கொடி யோசித்தாள். பிறகு அப்படி யோசித்ததற்காகத் தன்மேல் எரிச்சல்பட்டாள், பிறகு அந்த எரிச்சலும் பையின்மேலேயே போய் விழுந்தது. கூரையிலிருந்து, இடம் நிறைந்துவிட்டது, வருகைக்கு நன்றி என்று எழுதிய பதாகைகள் தொங்குகின்றன. ஒசாகாவின் மார்ச் மாதச் சுமோப் போட்டியில் இன்று கடைசி நாள், பாதி ஊர் இந்த அரங்குக்குள்தான் இருக்கிறது, இருந்தும் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பைக்கு இடம் கிடைத்திருக்கிறது. வந்தவர்கள் வயதான கணவனும் மனைவியும். அந்த அம்மாள்தான் இங்கே உட்கார வேண்டியவள். குனிந்து இருக்கையை மடக்கி இறக்கப் போனவள் பொற்கொடியின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மன்னிக்க வேண்டும் என்று சிரித்தாள். கிழவர் அவள் முழங்கையைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். வரிசையின் கோடியில் யாரோ வராமல் காலியாகக் கிடந்த இடத்தை நோக்கி இருவரும் ஓரிடம் தள்ளிக்கொண்டார்கள், நடுவில் பையை வைத்தார்கள். அவ்வளவுதான். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். ரயிலில் தினமும் இதுதானே, நிற்க இடமில்லாத பெட்டியில் அவளுக்கு அடுத்த இடம் மட்டும் கடைசிவரை காலியாகவே வரும், யாராவது தூக்கக் கலக்கத்தில் வந்து விழுந்தால்தான் உண்டு. வந்த புதிதில் தன் கோட்டைத் தானே முகர்ந்து பார்த்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள், சோப்பை மாற்றினாள், வெந்தயம் தாளிப்பதை விட்டாள். அதற்குப் பிறகும் அந்த இடம் காலியாகவே வந்தபோது ஒருநாள் கால்களை அகட்டி, கைப்பையை அந்தக் காலி இடத்தில் தொப்பென்று வைத்து, எவனாவது வாடா பார்ப்போம் என்று எதிர்வரிசையை முறைத்துக்கொண்டே வந்தாள். எதிரே யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தார்கள்.

கீழே வெகு ஆழத்தில், விளக்கு வெளிச்சம் கொட்டுகிற இடத்தில், மண் மேடை. அதன்மேல் வைக்கோல் பிரி பதித்த வட்டம். இரண்டு பேர் ஏறினார்கள், முட்டினார்கள், ஒருவன் மேடையிலிருந்து உருண்டு முன்வரிசைக்காரர்களின் மடியில் போய் விழுந்தான், கூட்டம் ஓவென்றது. பொற்கொடிக்கும் உடம்பு ஒருதரம் உதறியது. மோதுகிற அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் வருகிறாள். தொலைக்காட்சியில் அது கேட்காது, இங்கே உட்கார்ந்தால் இரண்டு நெற்றி இடிப்பது தேங்காயைத் தரையில் அறைந்ததுபோல் மாடிவரை கேட்கும். முதல் குளிர்காலத்தில், ஒரு வார்த்தை தெரியாமல், ஞானசேகரன் காலையில் ஆபீஸ் போய்விட்டால் இருட்டியபின் அவன் வரும்வரை பேச ஆளில்லாமல், சாயங்காலம் தொலைக்காட்சியைப் போட்டபோதுதான் இது அகப்பட்டது. பார்க்க மொழி வேண்டாம். பார்க்கப் பார்க்க மொழியும் வந்தது. தள்ளு, பிடி, சாய்ந்தான், காலை வெளியே வைத்துவிட்டான் என்பதெல்லாம்தான் அவள் இந்த மொழியில் முதலில் கற்ற வார்த்தைகள், அதற்குப் பிறகுதான் தக்காளியும் தபால் நிலையமும். "குண்டனுங்க கோமணத்தைக் கட்டிக்கிட்டு முட்டிக்கிறதைப் போய் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கிறே," என்பான் ஞானசேகரன், டையைத் தளர்த்திக்கொண்டே. அவனுக்கு எப்படிச் சொல்வது, அங்கே யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் விஷயம் என்று. இந்த ஊரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அடுத்த வீட்டு நிஷிமுரா அம்மாள் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் இடுப்பை வளைத்துச் சிரிக்கிறாள், குளிர் குறைந்துவிட்டது இல்லையா என்கிறாள். அடுத்த நாள் கட்டடத்து மேலாளர் வந்து, சொல்லவே சங்கடமாக இருக்கிறது, எண்ணெய்ப் பண்டம் செய்யும்போது சன்னலை மூடிக்கொள்ள முடியுமா, யாரென்று கேட்காதீர்கள் என்கிறார். அதற்கடுத்த நாள் அவள் மறுபடியும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை எங்கே பிடித்து எப்படி உலுக்குவது? மண் வட்டத்துக்குள் அப்படி இல்லை. இரண்டு பேர் குந்தியிருந்து ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்பது எழுதி ஒட்டினாற்போல் இருக்கும். நேருக்கு நேர் வெறுக்கிறார்கள், முட்டிக்கொள்கிறார்கள், முடிந்ததும் தலைகுனிந்துவிட்டுப் போகிறார்கள். நாக்கு வறண்டவளுக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு அதைப் பார்ப்பது.

ஆனால் அந்த மண்ணில் நீ கால் வைக்க முடியாது, தெரியுமில்லையா என்று உள்ளே ஒன்று சீண்டியது. தெரியும். பொம்பளை ஏறக்கூடாத மேடை. முதன்முதலில் அதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று அவள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றாள். சாத்தூரில் மாசத்துக்கு மூன்று நாள் மாடிப்படிக்குக் கீழே தனித் தட்டோடு உட்கார்ந்திருந்தது போதாதென்று கடல் தாண்டி இங்கேயும் தீட்டா? மறுநாள் சாயங்காலம் தானாகப் போய் மறுபடியும் தொலைக்காட்சியைப் போட்டாள். வெட்கங்கெட்டவள். அந்த உப்பு வேறு, மோதுவதற்கு முன் மேடையில் வெள்ளையாக அள்ளி அள்ளி வீசுகிறார்களே, அவள் மாமியார் கண்ணேறு கழிக்கச் சுற்றிப் போடுகிற உப்பு மாதிரியே. மாமியாரை நினைத்ததும் இன்று காலை நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது, வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் பையை வெறித்துக்கொண்டிருந்தாள். ஞானசேகரன் வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமலே சொன்னான்: "ஆபீஸ்ல சொல்லிட்டேன். மே மாசம் ஊருக்குப் போயிடலாம். மதுரைலயே அம்மாகூட இருந்துக்கலாம்." அவள் "எங்கிட்ட கேக்கவே இல்லையே" என்றாள். "உனக்கென்ன, இந்த ஊர் பிடிச்சா இருக்கு? நீதான தினமும் கரிச்சுக் கொட்டுறே," என்றான். வாஸ்தவம்தான், கரிச்சுக் கொட்டுகிறாள்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆபீஸ் கூட்டத்தில் அவன் பேசத் தொடங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்களாம், அவன் சொன்னதையே பத்து நிமிடம் கழித்து வேறொருவன் சொன்னால் தலையாட்டுகிறார்களாம். அவனும் வெந்துபோய்த்தான் இருக்கிறான். ஆனால் மதுரை. மதுரையில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்காது. கட்டிலில், கோயிலில், ஆட்டோவில் யாராவது இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஏதாவது விசேஷம் உண்டா, இன்னும் இல்லையா, அந்த டாக்டரைப் பார்த்தீர்களா, இந்த டாக்டரைப் பார்த்தீர்களா, அவள் வயிற்றின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு. இங்கே இருப்பவர்களுக்கு அவளைப் பிடிக்காது, ஆனால் அவள் வயிற்றைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. நம்பா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, விசாவையும் அவர்களே மாற்றித் தருவதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. அதை ஞானசேகரனிடம் சொல்லவில்லை. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஹோட்டலிலும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டால் யோசிக்கிறேன் என்று சிரிக்கிறாள், இவன் கேட்டால் பகுதிநேரமாகப் போகிற கடையில் ஷிஃப்ட் இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறாள். இன்றும் அப்படித்தான். ஷிஃப்ட்.

ஒகிஹயாத்தே ஏறினான். அவளுக்கு வெறும் ஹயாத்தே, அவள் ஆள். மங்கோலியாக்காரன், முப்பத்தைந்தை நெருங்குகிறான், வலது முழங்காலில் துணி சுற்றிச் சுற்றி அது காலா கம்பமா என்று தெரியாதபடி இருந்தது. பாதி வெற்றி பாதி தோல்வி என்று வந்து நிற்கிறான். இன்று ஜெயித்தால் தப்பிப்பான், தோற்றால் கீழ்ப்பிரிவு, இந்த வயதில் அங்கே போனவன் மேலே ஏறி வருவதில்லை. இத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவைகூட நேராக மோதாமல் இருந்ததில்லை. அதனாலேயே அடிபட்டான், அதனாலேயே அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். எதிராளி வகசேதோ, இந்த ஒசாகாவின் பிள்ளை, கன்னம் சிவந்த இருபத்திரண்டு வயது. அவன் பெயரை அறிவித்ததும் அரங்கம் இரைந்தது. கோடியில் கிழவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினார். ஹயாத்தேயின் பெயருக்கு அங்கங்கே சில கைதட்டல், மரியாதைக்கு. பொற்கொடி கத்த நினைத்தாள், கத்தவில்லை. இத்தனை வருடத்தில் அரங்கில் ஒருநாளும் அவள் வாய் திறந்து கத்தியதில்லை, கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. இருவரும் குந்தினார்கள், முறைத்தார்கள், எழுந்து மூலைக்குப் போய் உப்பை எடுத்தார்கள். மறுபடி குந்தினார்கள். நேரம் முடியும்வரை இப்படித்தான், குந்துவதும் எழுவதும், முட்டப் போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்தால் முட்டாமல் திரும்பிவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் வேண்டாததெல்லாம் வந்து புகும். வந்தது. அவள் வேலை பார்க்கிற கடையில் போன மாதம், மத்தியானமே குடித்திருந்த ஒரு ஆள், நல்ல கோட்டு, நல்ல கண்ணாடி, கோழிப் பொரியலைப் பொட்டலத்தில் போட்டுக் கொடுக்கும்போது, சூடுபடுத்தவா என்று அவள் கேட்டது புரியவில்லை என்றான். மறுபடி சொன்னாள். மறுபடியும் புரியவில்லை என்றான். புரிந்தது அவனுக்கு. பிறகு நிதானமாக, வானிலை சொல்கிற மாதிரி, "உன் நாட்டுக்குத் திரும்பிப் போ," என்றான். கயேரே. அவள் என்ன செய்தாள்? பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டி, மிக்க நன்றி, மறுபடியும் வாருங்கள் என்று குனிந்தாள். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது. அன்றிலிருந்து பல் தேய்க்கும்போது, வெங்காயம் நறுக்கும்போது அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தினம் ஒரு பதில், ஒன்றைவிட ஒன்று கூரானது, ஒன்றுகூட அவன் காதில் விழப்போவதில்லை. பொட்டலத்தை அவன் முகத்தில் எறிகிறாள். கண்ணாடி எண்ணெயாகிறது. நன்றி, மறுபடியும் வாருங்கள்.

நேரம் முடிந்தது. நடுவர் விசிறியைத் திருப்பிக்கொண்டார். அரங்கம் முழுக்க மூச்சை உள்ளே இழுத்தது. வகசேதோ கைமுஷ்டிகளை மண்ணில் ஊன்றி அம்புமாதிரி பாய்ந்தான், பாய்ந்த இடத்தில் ஆள் இல்லை. ஹயாத்தே இடப்பக்கமாக ஒரு எட்டு விலகி நின்று, கடந்துபோகிறவனின் பிடரியில் ஒரு கையை வைத்தான், அவ்வளவுதான், வைத்தான், வகசேதோ வட்டத்துக்கு நடுவே முகம் குப்புற விழுந்தான். மோதுகிற சத்தமே கேட்கவில்லை. அந்தச் சத்தம் வரவில்லை என்பதுதான் பொற்கொடிக்கு முதலில் உறைத்தது, பல்லைக் கடித்துக் காத்திருந்து ஒன்றும் கிடைக்காமல் போனதுபோல். விலகுவது குற்றமில்லை, விதியில் இடம் உண்டு. ஆனால் யாரும் அதை மன்னிப்பதில்லை. ஐயே என்று ஒரு முனகல் எழுந்து, முனகல் இரைச்சலாகி, அதற்குள்ளிருந்து ஒரு குரல் கூராக வந்தது: "மங்கோலியாவுக்குத் திரும்பிப் போ!" யாரோ சிரித்தார்கள். கிழவர் அதையே கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர். நீயுமா, என்று பொற்கொடிக்குள் பொங்கியது, நீயுமா விலகினாய், உன்னை நம்பித்தானே நான், உனக்கு என்ன வந்தது, முழங்கால் போனால் போகட்டும், கீழே விழுந்தால் விழு, நேராகப் போய் விழு, நீயும் என்னைப் போல, நீயும் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு வந்தவளைப் போல. பொற்கொடி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. "கயேரே!" என்று ஒரு குரல் கேட்டது, அடிவயிற்றிலிருந்து, உச்சரிப்பில் ஒரு பிசிறில்லாமல், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தொண்டைபோல. அது தன் குரல் என்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தெரிந்த பிறகும் இன்னொரு தடவை கத்தினாள். அதுதான் பிற்பாடு அவளுக்குத் தாங்கவில்லை, தெரிந்த பிறகு கத்திய அந்த இரண்டாவது.

கிழவர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிருந்தது. "அடேயப்பா! நல்லாச் சொன்னீங்கம்மா! சுமோன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுது," என்றார். அவர் மனைவி பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்கே நகர்ந்து வந்துவிட்டாள், அவள் கோட்டின் கை பொற்கொடியின் கையில் உரசியது. "எவ்வளவு அழகாப் பேசுறீங்க நம்ம பாஷையை," என்று சொல்லிக்கொண்டே ஒரு சிறிய ஆரஞ்சை உரித்து, நாரை எடுத்து, பாதியைப் பிரித்து நீட்டினாள். தொட்டு உரித்த சுளைகள். முன்பின் தெரியாத ஒருவர் தன் கையால் உரித்து அவளுக்குக் கொடுப்பது இந்த நாட்டில் இதுதான் முதல் தடவை. வாங்கிக்கொண்டாள். வாயில் போட்டாள். தித்தித்தது, வெட்கமில்லாமல் தித்தித்தது. கீழே ஹயாத்தே குந்தி உட்கார்ந்து வெற்றியை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அந்தக் கம்பம் போன்ற காலை இழுத்து இழுத்து நடைபாதை வழியே போய்க்கொண்டிருந்தான். "இந்தியாவா? கறி காரமா இருக்கும் இல்லையா?" என்றாள் அம்மாள். இருக்கும் என்றாள் பொற்கொடி. "சின்னப் பிள்ளைங்களை இப்படி ஏமாத்துறது நம்ம பழக்கம் இல்லை. வெளியாளுங்க வந்து கெடுத்துட்டாங்க," என்றார் கிழவர், அவளைப் பார்த்து, நம்ம என்கிற வார்த்தைக்குள் அவளையும் உட்காரவைத்து. அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே. "எப்போ ஊருக்குத் திரும்பிப் போறீங்க?" என்று அம்மாள் கேட்டாள், அன்பாக, கையைத் தட்டிக்கொடுத்தபடி, செர்ரிப் பூ பார்த்துவிட்டுப் போவீர்களா என்று கேட்கிற தொனியில். மிச்சச் சுளைகள் உள்ளங்கையில் நசுங்கின. மன்னிக்க வேண்டும் என்றாள் பொற்கொடி, இவர்களைப் போலவே இடுப்பை வளைத்துச் சிரித்தாள், முழங்கால்களை இடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டினாள். பெரிய மல்லர்களின் ஆட்டங்கள் இன்னும் பாக்கி இருந்தன. படிக்கட்டில் இறங்கும்போது மேலே அரங்கம் யாருக்கோ ஆர்ப்பரித்தது.

பக்கவாட்டு வாசலில் சாயங்கால வெயில் கட்டடங்களுக்கு நடுவே குறுகலாக விழுந்துகொண்டிருந்தது. குளித்து உடைமாற்றி மல்லர்கள் ஒவ்வொருவராக வந்து டாக்சி ஏறுகிற இடம் அது. நாலைந்து பேர் கையில் கேமராவோடு நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. போய்விடலாம், ரயில் இருக்கிறது, அரிசி ஊறப் போடவில்லை. காலில் ஆணி அடித்த மாதிரி நின்றாள். ஹயாத்தே வந்தான். சாம்பல்நிறக் கிமோனோ, தலைமுடியில் பூசிய மெழுகின் இனிப்பு வாசனை அவனுக்கு முன்னாலேயே வந்தது. கேமராக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், யாரும் படம் எடுக்கவில்லை. ஒதுங்காமல் நின்றவள் அவள் ஒருத்திதான். அவன் நின்றான். பக்கத்தில் பார்க்க அவன் முகம் முழுக்கப் பழைய காயத் தழும்பு. "வந்ததுக்கு நன்றி," என்று தலையைத் தாழ்த்தினான். "நன்றி சொல்லாதீங்க," என்றாள் பொற்கொடி. "நானும் கத்தினேன்."

"என்னன்னு?"

"திரும்பிப் போன்னு."

அவன் அவளைப் பார்த்தான். சிரிக்கவில்லை. கண்ணில் கோபம் மெதுவாக வந்து நின்றது, ஒளிக்காத கோபம், வட்டத்துக்குள் குந்தியிருப்பவனின் கண். அவள் பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றுவிடுவோம் என்று தோன்றியது, எதில் என்று தெரியாமலே. "நீங்க எந்த ஊரு?" என்றான். "இந்தியா." அவன் மூக்கால் மூச்சு விட்டான். "நேராப் போயிருந்தா முட்டி உடைஞ்சிருக்கும். டாக்டர் காலைல சொல்லிட்டாரு. விலகினது எனக்கும்தான் பிடிக்கலை." டாக்சியின் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒரு கையால் கூரையைப் பிடித்து, நீட்டிய காலை முதலில் உள்ளே வைத்து, கிமோனோவை ஒதுக்கி உட்கார்ந்த பிறகு திரும்பினான். "அடுத்த தடவை கத்தும்போது எம் பேரைச் சொல்லிக் கத்துங்க. இல்லேன்னா நம்ம ரெண்டு பேர்ல யாரைச் சொல்றீங்கன்னு தெரியாது," என்றான். கதவு மூடிக்கொண்டது. மெழுகு வாசனை கொஞ்ச நேரம் நின்று, பிறகு தெருவின் பொரித்த எண்ணெய் வாசனையில் கலந்து போயிற்று. பொற்கொடிக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் காது வரை எரிந்தது. இத்தனை வருடத்தில் முகத்துக்கு நேராக, காரணத்தோடு அவளை ஒருத்தன் வெறுத்தது இதுதான் முதல் தடவை. வாங்கிக்கொள்ள வேண்டியதைத்தான் வாங்கிக்கொண்டாள். நடைபாதையில் சனங்கள் அவளை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போனார்கள், ஆற்றில் கிடக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுபோல், ஒருவர்கூட இடிக்காமல். அவள் நகரவில்லை. செல்போனை எடுத்து ஞானசேகரனைக் கூப்பிட்டாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சிருச்சா?" என்றான்.

"ஷிஃப்ட் இல்லீங்க. பொய் சொன்னேன். சுமோ பாக்க வந்தேன்." மூச்சு வாங்கியது, நிறுத்தினால் இனிமேல் சொல்லவே மாட்டோம் என்று தோன்றியது. "இங்க ஒரு ஹோட்டல்ல எனக்கு வேலை குடுக்குறேங்கிறாங்க. ரெண்டு வாரமாச் சொல்லாம இருந்தேன். நாளைக்குப் போய்ச் சேர்ந்துக்கிறேன்னு சொல்லப் போறேன். நீங்க மதுரைக்குப் போங்க. நான் வரலை."

அந்தப் பக்கம் அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளுவது கேட்டது, ஒரு கதவு மூடுவது கேட்டது. இந்த ஊர் பிடிச்சா இருக்கு என்று கேட்பான், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்பான், கத்துவான், அழுவான், எல்லாவற்றுக்கும் பதிலைத் தேடித் தேடி அவள் மனசு அடுக்கிக்கொண்டிருந்தது. ஞானசேகரன் தொண்டையைச் செருமினான்.

"யார்கூட?" என்றான்.

எதிர்த் தெருவில் சிக்னல் மாறியது, கூட்டம் அவளை நோக்கி மொத்தமாக இறங்கி வந்தது.

"தனியா," என்றாள் பொற்கொடி. கூட்ட இரைச்சலில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ. அவள் செல்போனை வாயருகே கொண்டுவந்து, வருகிற சனமெல்லாம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்க, தமிழில், அடிவயிற்றிலிருந்து இன்னொரு தடவை கத்தினாள்: "தனியாத்தாங்க!"